குப்பையைப் பாடமாகக் கொண்ட ஆல்பர்ட் ஹோவர்டு

எங்கள் பள்ளி வளாகத்தில் வேம்பும் புங்கமும் வாகையும் நிறைய உண்டு. மாசி பிறந்துவிட்டால் சருகு கொட்டத் தொடங்கும். கூட்டிக் குவித்துத் தீ வைப்பதுதான் வழக்கம். தோட்டக் குழுவைச் சேர்ந்த நாங்களும் அவ்வாறே செய்துவந்தோம். சென்ற ஆண்டு ஒரு நாள் காற்று திசை மாறி வீச, புகை முழுவதும் எட்டாம் வகுப்பு அறைக்குள் புகுந்துவிட்டது. பாடம் பாதியில் நின்றது. இனிச் சருகை எரிக்கக் கூடாது என்று தலைமைச் சகோதரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அத்தனை சருகையும் என்ன செய்வது? விடை தேடி நூலகத்தில் புகுந்தபோதுதான் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் அறிஞரின் வரலாறு எங்கள் கைக்குக் கிடைத்தது. குப்பையைப் பற்றிப் படிக்கப் போய் ஒரு குடும்பத்தின் கதையையே படித்துவிட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஹோவர்டு 1873ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலுள்ள பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விவசாயி. ஆகவே சாணியும் வைக்கோலும் பிள்ளைப் பருவம் முதலே பழக்கமான பொருள்கள். ஆயினும் படிப்பு அவரை வயலை விட்டு வெகுதூரம் அழைத்துச் சென்றது. லண்டனில் இராயல் அறிவியல் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்று உயர்ந்த தேர்ச்சி பெற்றார். 1899இல் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் சென்று, பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராயும் பணியில் அமர்ந்தார்.

அங்கேதான் அவருக்கு ஒரு சங்கடம் தோன்றியது. கரும்புக்கு நோய் வந்தால் விவசாயி அவரிடம் வருவார். அவர் உருப்பெருக்கியில் இலையைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்வார், மருந்தும் சொல்வார். ஆனால் சொந்தமாக ஒரு கரும்பைக்கூட நட்டு வளர்த்தவரல்லர். தாம் கொடுக்கும் யோசனையைத் தாமே செய்து பார்க்க ஒரு காணி நிலமும் அவருக்கு இல்லை. ஆய்வுக்கூடத்துக்கும் வயலுக்கும் இடையே ஓர் அகழி கிடப்பதைக் கண்டார். அவர் வாழ்நாள் முழுவதும் இந்த உறுத்தல் அவரை விட்டு நீங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். சமையற்கட்டுக்குள் நுழையாமலே சமையற்குறிப்பு எழுதுவோர் நம்மிடையேயும் உண்டல்லவா?

1903 முதல் இரண்டாண்டுகள் இங்கிலாந்தில் வை என்னும் ஊரிலுள்ள வேளாண் கல்லூரியில் பணிபுரிந்தபின், 1905இல் இந்திய அரசின் தாவரவியல் நிபுணராக நியமனம் பெற்று, பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துசேர்ந்தார். அதே ஆண்டில் அவருக்கும் கேப்ரியேல் மத்தேய் அம்மையாருக்கும் திருமணம் நடந்தது.

இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று நின்று சொல்லாமல் மேலே செல்ல எங்களுக்கு மனமில்லை. இவர் 1876இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று இருந்த நியூன்ஹாம் கல்லூரியில் பயின்றவர். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களைத் தேர்வு எழுத அனுமதித்ததே தவிர, பட்டம் வழங்கவில்லை. ஆண்களுக்கு நிகரான முழுப் பட்டம் அங்கே பெண்களுக்குக் கிடைத்தது 1948இல்தான். பட்டம் இல்லாவிட்டால் என்ன? பிளாக்மன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, இலைகள் ஒளியைக்கொண்டு உணவு தயாரிக்கும்போது வெப்பநிலை எவ்வாறு குறுக்கிடுகிறது என்பதை நுட்பமாக ஆராய்ந்தார். ஒளிச்சேர்க்கையைப் பற்றி நாம் இன்று படிக்கும் பாடத்தில் அந்த ஆய்வுக்கு ஓர் இடம் உண்டு. பாடநூலில் பெரும்பாலும் பிளாக்மன் பெயர் மட்டும் நிற்கும்!

பூசாவில் முதல் ஐந்தாண்டுகள் எவ்விதப் பதவியும் இன்றியே கணவரோடு உழைத்தார். 1910இல் அவருக்கு உதவியாளர் என்ற பெயரும், 1913இல் அரசின் இரண்டாம் தாவரவியல் நிபுணர் என்ற பதவியும் கிடைத்தன. அந்நாளில் ஒரு பெண்ணுக்கு அரசாங்கத்தில் இத்தகைய அறிவியல் பதவி கிடைப்பது அரிதினும் அரிது.

இருவரும் சேர்ந்து முதலில் எடுத்துக்கொண்டது கோதுமை. நாட்டு வகைகளைத் திரட்டி, பிரித்து, நல்லவற்றைத் தேர்ந்து பெருக்கினார்கள். பூசா 4, பூசா 12 என்னும் கோதுமை வகைகள் வடநாட்டில் வெகுவாகப் பரவின. இந்தியக் கோதுமையைப் பற்றி இருவர் பெயரிலும் 1909இல் ஒரு நூல் வெளிவந்தது. கோடையில் குவெட்டாவுக்குச் சென்று பழத்தோட்ட ஆராய்ச்சியும் செய்தார்கள். நசுங்காமல் பழத்தை இரயிலில் அனுப்பப் பெட்டி வடிவமைப்பதுகூட அவர்கள் வேலையாக இருந்தது. விளைவித்தால் மட்டும் போதாது, விற்றுக் காசாக வேண்டும் என்பதை அறிந்த விஞ்ஞானிகள் அவர்கள்.

பூசாவில் ஹோவர்டு கேட்டு வாங்கிய முக்கியமான பொருள் நிலம். 75 ஏக்கர் கிடைத்தது. பார்படோஸில் தொடங்கிய உறுத்தலுக்கு அங்கே மருந்து கண்டார். யாரைக் கேட்டு விவசாயம் செய்வது? அவர் சுற்றுப்புறக் கிராமங்களைப் பார்த்தார். பூச்சிமருந்து என்பதையே அறியாத உழவர்கள். ஆனால் அவர்களுடைய பயிர்களில் நோயும் பூச்சியும் குறைவாகவே இருந்தன. எனவே படித்த நிபுணர்களை ஒதுக்கிவிட்டு அந்த உழவர்களையும், கூடவே பூச்சிகளையும் தமக்கு ஆசிரியர்களாக வைத்துக்கொண்டார். பூச்சி எப்படி ஆசிரியராகும் என்று கேட்கலாம். ஒரு செடியைப் பூச்சி அரித்தால் அந்தச் செடிக்குப் பொருந்தாத மண்ணோ பருவமோ தவறான சாகுபடியோ இருக்கிறது என்று பொருள். பூச்சி அதைச் சுட்டிக்காட்டுகிறது என்பது அவர் எண்ணம். கொன்றுவிட்டால் சுட்டிக்காட்ட யார் இருப்பார்கள்?

அவருடைய உழவு மாடுகளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. நல்ல தீவனம் தந்து, தூய்மையான கொட்டிலில் வளர்த்தார். பக்கத்து வயல் மாடுகள் கோமாரி நோயுற்று வேலியோரம் வந்து மூக்கோடு மூக்கு உரசியும் இவருடைய மாடுகளுக்கு நோய் தொற்றவில்லையாம். வளமான மண்ணில் விளைந்த தீவனமே காரணம் என்று அவர் முடிவுகட்டினார். இந்த இடத்தில் நாங்கள் அவரோடு முழுவதும் ஒத்துப்போக இயலவில்லை. சில மாடுகளைப் பார்த்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது சரியன்று. கோமாரிக்குத் தடுப்பூசி போடுவதே இன்று எல்லாக் கால்நடை மருத்துவர்களும் சொல்லும் வழி. ஆனாலும் நல்ல மண், நல்ல தீவனம், நல்ல உடல் என்ற சங்கிலியை அவர் பார்த்தது வீண்போகவில்லை. நம் நீலகிரியில் குன்னூரிலிருந்து மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் அதே காலத்தில் உணவையும் நோயையும் இணைத்து ஆராய்ந்து வந்தார். அவர் ஆராய்ச்சியை ஹோவர்டு மிகவும் மதித்தார்.

பூசாவில் ஒரு தொல்லை இருந்தது. பூச்சிக்கு ஒரு துறை, பூஞ்சைக்கு ஒரு துறை, மண்ணுக்கு ஒரு துறை, செடிக்கு ஒரு துறை. ஒரே பயிரைப் பல துண்டுகளாக வெட்டிப் பல அறைகளில் வைத்து ஆராய்ந்தார்கள். முழுப் பயிரையும் ஒருவரே பார்க்க வழியில்லை. எனவே கணவனும் மனைவியும் வேறோர் இடத்துக்குப் பல ஆண்டுகள் முயன்று பணம் திரட்டினார்கள். பருத்தி ஆராய்ச்சிக்கென்று இந்திய மத்தியப் பருத்திக் குழு உதவ, 1924இல் இந்தூரில் 300 ஏக்கர் நிலத்தில் புதிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஹோவர்டு அதன் தலைவர்.

ஆராய வந்ததோ பருத்தி. அவர் பார்த்ததோ மண். மண் பசித்திருக்கும்போது எத்தனை உயர்ந்த விதை போட்டு என்ன பயன்? மண்ணின் பசிக்கு உணவு எது? எரு. ஆனால் எருவுக்கு எங்கே போவது? சாணத்தில் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. விறகு இல்லாத ஏழை என்ன செய்வான்? சீன உழவர்கள் நாற்பது நூற்றாண்டுகளாகக் கழிவுகளை மட்கச் செய்து மண்ணைக் காத்ததை அமெரிக்கரான கிங் என்பவர் எழுதிய நூலில் ஹோவர்டு படித்திருந்தார். கொஞ்சம் சாணத்தைக்கொண்டு நிறையச் செத்தையை எருவாக்க முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. யஷ்வந்த் வாட் என்னும் இந்திய வேதியியலார் இதில் அவருக்குத் துணைநின்றார்.

இந்தூர் முறை என்று இன்று உலகமெங்கும் வழங்கும் முறையின் செயல் இதுதான். பருத்திமார், துவரைமார், கரும்புத் தோகை, களை, சருகு என்று தோட்டத்தில் கிடைத்த எதையும் எரிக்காமல் சேர்த்தார்கள். கட்டையான மார்களை வண்டிப் பாதையில் பரப்பிவிட்டால், போகும் வரும் வண்டிச் சக்கரங்களே நசுக்கித் தரும். இதற்கென்று இயந்திரமோ கூலியோ வேண்டியதில்லை. பச்சைக் களைகளை வாடவிட்டுச் சேர்த்தார்கள். 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட, 3 அடிக்கு மேல் ஆழமில்லாத குழியில் முதலில் கலப்புச் செத்தையை அரையடி உயரத்துக்குப் பரப்புவார்கள். அதன்மேல் சாணமும் மாட்டுப் படுக்கைக் கூளமும் சுமார் 2 அங்குலம். அதன்மேல் மாட்டுக்கொட்டிலில் கோமியம் ஊறிய மண்ணும் மரச்சாம்பலும் தூவுவார்கள். தண்ணீர் தெளிப்பார்கள். மறுபடியும் செத்தை, மறுபடியும் சாணம். நடுநடுவே கடப்பாரையால் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்வார்கள். பாலில் உறை ஊற்றுவதுபோல, பழைய குழியில் பூஞ்சை பிடித்திருந்த எருவில் சிறிதெடுத்துப் புதுக்குழியில் கலப்பதும் உண்டு.

சில நாள்களில் குழி கொதிக்கும். 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடு ஏறும். அந்தச் சூட்டில் களை விதைகளும் ஈ முட்டைகளும் மாண்டுபோகும். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் ஒரு முறை, ஐந்தாவது வாரவாக்கில் ஒரு முறை, இரண்டு மாதம் ஆனதும் ஒரு முறை, ஆக மூன்று முறை புரட்டிப்போடுவார்கள். முதலில் பூஞ்சைகள் வேலை செய்யும். பிறகு பாக்டீரியாக்கள் பொறுப்பேற்கும். மூன்று மாதத்தில் செத்தை எது, சாணம் எது என்று தெரியாத கறுத்த எரு கையில் உதிரும். இவ்விதம் இந்தூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 வண்டி எரு கிடைத்தது.

முறையைப் போலவே ஆள்களையும் கவனித்தார்கள். கூலி தவணை தவறாமல் கைக்கு வரும். ஓய்வும் மருத்துவ உதவியும் உண்டு. எருக்குழி வேலையை இழிவாக எண்ணும் வழக்கம் உள்ள நாட்டில் இது சிறிய செய்தியன்று.

1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெனிவாவில் கேப்ரியேல் அம்மையார் காலமானார். அவருக்கு அப்போது 53 வயதுதான். மறு ஆண்டு ஹோவர்டு ஓய்வு பெற்று இந்தியாவை விட்டுச் சென்றார். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் விளைவான எரு நூல், வேளாண்மைக் கழிவுகளை மட்காக மாற்றுவதைப் பற்றியது, அதே 1931இல் வாட் அவர்களின் பெயரும் சேர்ந்து வெளிவந்தது. பருத்தி ஆராய்ச்சியாளர்கள் அதை விரும்பவில்லை. விதையைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் தாங்கள் செய்துவந்த வேலையையே இது கேள்விக்குள்ளாக்குகிறதே என்று அவர்களுக்குக் கசப்பு. தோட்ட முதலாளிகளோ வேறுவிதமாக நினைத்தார்கள். கென்யாவின் காப்பித் தோட்டங்களிலும், தேயிலைத் தோட்டங்களிலும் எருக்குழிகள் தோன்றின. ஹோவர்டும் 1937-38இல் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். காந்தியடிகள் 1935இல் இந்தூர் சென்றபோது இம்முறையைக் கண்டு, கிராமங்களுக்கு உகந்ததென்று ஹரிஜன் இதழில் எழுதினார். 1934இல் ஆங்கில அரசு ஹோவர்டுக்கு சர் பட்டம் அளித்தது.

1940இல் வெளிவந்த அவருடைய வேளாண் சாசனம் என்னும் நூலை மறைந்த கேப்ரியேலுக்கே காணிக்கையாக்கினார். இயற்கைவழி விவசாயம் செய்வோர் இன்றளவும் அந்நூலைத் தேடிப் படிக்கிறார்கள். காட்டில் யாரும் எரு போடுவதில்லை. உதிர்ந்த இலையும் விலங்கின் கழிவும் சேர்ந்து காடே தனக்கு எரு செய்துகொள்கிறது. உழவனும் அவ்வாறே கடன் வாங்கியதை மண்ணுக்குத் திருப்பித்தர வேண்டும் என்பது அதன் சாரம். இரசாயன உரத்தை அவர் ஒரேயடியாக வெறுத்தார். மட்கு போட்டால் பயிர்நோய் எல்லாமே ஒழிந்துவிடும் என்பதுபோல் எழுதியது மிகை என்றே இன்றைய அறிஞர் பலர் கருதுகின்றனர். பிடிவாதமும் அவரிடம் நிறைய இருந்தது. தம் கருத்தைப் பின்பற்றியவர்களான ஈவ் பால்ஃபர் அம்மையார் முதலானோர் 1946இல் இங்கிலாந்தில் மண் சங்கம் தொடங்கியபோது, அதில் சேர மறுத்துவிட்டார்! 1947 அக்டோபர் 20ஆம் நாள் லண்டனில் உயிர்நீத்தார்.

நம் வீட்டுக் கொல்லையில் 30 அடிக் குழி வெட்ட முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. நாலடி நீளம், நாலடி அகலத்தில், இடைவெளி விட்ட பலகைகளால் அடியில்லாத ஒரு கூண்டு செய்துகொண்டால் போதும். பலகை கிடைக்காதபோது நாங்கள் தென்னமட்டையை நட்டுக் கட்டினோம். அடியில் குச்சிகள், மேலே அரையடிச் சருகு, பிறகு காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், கரைத்த சாணம், அதன்மேல் ஒரு பிடி சாம்பலும் ஒரு கூடை மண்ணும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டுக்கு மேல் வடியாத ஈரம் இருந்தால் சரி. நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று அறிந்து புரட்டிவிட வேண்டும். எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டதென்று பொருள். தண்ணீர் தெளிக்க வேண்டும். மீன் செதிலும் இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் சேர்த்தால் எலியும் நாயும் வந்துவிடும். மிட்டாய்த் தாளையும் பிளாஸ்டிக் பையையும் பொறுக்கி எடுப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. புங்க இலை விரைவில் மட்கியது. தென்னங்கீற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டும் அது அசைந்துகொடுக்கவில்லை. மகளைப் பார்க்க வந்த ஒரு தாயார், ஊரில் வாசல் வண்டித்தடத்தில் போட்டு மிதிக்கவிடுவோம் என்று சொல்லிப்போனார். இந்தூரைப் பற்றி அந்த அம்மையார் கேள்விப்பட்டதே இல்லை.

கேப்ரியேல் அம்மையாருக்கு லூயீஸ் என்றொரு தங்கை இருந்தார். அவரும் நியூன்ஹாம் கல்லூரியில் படித்தவர். ஜெனிவாவில் அனைத்துலகத் தொழில் நிறுவனத்தில் விவசாயத் தொழிலாளர் நலனுக்கான பணியில் இருந்தவர். அக்காளின் மறைவுக்குப் பின் 1931இல் ஹோவர்டை மணந்தார். கணவருடைய பிற்கால நூல்களுக்கெல்லாம் உடனிருந்து உதவினார். அவர் மறைந்தபின், 1953இல் ஹோவர்டின் இந்திய வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பூசாவிலும் குவெட்டாவிலும் இந்தூரிலும் நடந்தவற்றுள் தம் அக்காளின் பங்கு எவ்வளவு என்பதை அதில் எடுத்துக்காட்டினார். லூயீஸ் அம்மையார் 1969இல் காலமானார்.

எங்கள் குவியலை இரண்டாம் முறை புரட்டியபோது உள்ளே ஆவி பறந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமிகள் தீப்பிடித்துவிட்டதென்று ஓடிப்போய்ச் சகோதரியை அழைத்துவந்தார்கள். அவர்கள் கையை வைத்துப் பார்த்து, சுட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை புரட்டுவது தேர்வு முடிந்த மறுநாள். வரும் ஆண்டு இந்த வேலையை ஏற்க ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.